ஐந்து சுருட்டு

என் தம்பி பூபாலபிள்ளை, அவன் மனைவி புஸ்பம், அவளுடைய அண்ணன் வேலாப்போடி, நான். வேறு எவரும் இல்லை. ஊரடங்குப் பகல். வாவிக்கு ஒருவரும் இறங்குவதில்லை. கூரைத் தகரத்தின் ஓட்டையால் விழும் வெயில், பாயில் விரித்த விளையாட்டுக் கடதாசிகளின்மேல் அசையாமல் கிடக்கிறது. சூதில் தோணியைத் தோற்ற நாளிலிருந்து தம்பி ஐந்து சுருட்டுக்கு மேல் பந்தயம் வைப்பதில்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது வலை ஒன்றுதான். ஐந்தாவது சுருட்டும் வேலாப்போடியின் பக்கம் போகிறது. "வலை கிடக்கே மச்சான், அத வை. என்ட தங்கச்சிக்குப் பயமோ?" அரிசியில் கல் பொறுக்கும் புஸ்பத்தின் விரல் நிற்கிறது. "எனக்கு என்னிலதான் பயம். நான் எழும்புறன்." என்று சொல்லித் தம்பி சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் போய் நிற்கிறான். புஸ்பத்தின் விரல் மறுபடி அசைகிறது. அதன் பிறகு இராணுவ ஹெலிகொப்டர் வருகிறது, தகரம் அதிர்கிறது. ஹெலிக்குப் பயந்துதான் தம்பி ஆட்டத்தை விட்டான் என்று செங்கலடி ஊரில் பேசுகிறார்கள். அது பொய். ஹெலி வருமுன்பே அவன் எழுந்துவிட்டான்.