மறைத்த முகம்

திரையில் கை வந்தது.

கல்லூரி விழாவில் குறும்படப் போட்டி.

முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கலங்கல். குரலும் வேறு, யாரோ தொண்டை கட்டிக்கொண்டு பேசுவதுபோல. அந்தக் குரல்தான் சொன்னது: நைட் ஷிஃப்டில் சூப்பர்வைசர் பஞ்சு குடோனுக்கு வரச் சொல்வான். போகாதவளுக்கு மறுநாள் வேலை இல்லை.

அவள் மேடையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சமூகப்பணித் துறை மாணவி. திரையில் பேசும் பாண்டீஸ்வரியைப் பேச வைத்தவள் அவள்தான். எத்தனையோ நாள் கெஞ்சினாள். நீ யாரென்று யாருக்கும் தெரியாது, நான் பொறுப்பு என்று சத்தியம் செய்தாள்.

மூன்று துறை மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். கம்ப்யூட்டர் துறை நிஷார் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முகத்தை அழித்தான், குரலை மாற்றினான். விஸ்காம் ஜெரால்டு கேமரா. முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைத்துவிட்ட பெருமை மூவருக்கும்.

காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முகத்தைக் காட்ட முடியாவிட்டால் கையைக் காட்டு. வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜெரால்டு நன்றாகப் படிக்கிற பையன்.

திரையில் கை பெரிதாகிக்கொண்டே வந்தது.

துப்பட்டா முனையைத் திருகும் விரல்கள். வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. போன வருஷம் மில் மெஷின் தின்றுவிட்டது. மில் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள்.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினர். கல்லூரி விழா என்றால் ஊரின் பெரிய மில்லிலிருந்து ஒருவரை அழைப்பது வழக்கம். இந்த வருஷம் அதன் மேனேஜர் வந்திருந்தார். பாண்டீஸ்வரி வேலை பார்ப்பதும் அங்கேதான். படத்தில் எங்கேயும் மில் பெயர் இல்லையே என்று மூவரும் தைரியமாக இருந்தார்கள்.

சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு செல்போனை உயர்த்தித் திரையைப் படம் பிடித்தார்.

அப்போதுதான் அந்த விரல் அவள் கண்ணில் பட்டது. நிறுத்துங்கள் என்று கத்த நினைத்தாள். ஏன் என்று கேட்பார்களே.

கத்தவில்லை.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. முதல் பரிசு அவர்களுக்குத்தான். கோப்பையைக் கொடுக்கும்போது மேனேஜர் குனிந்து, அன்பாகவே சொன்னார்.

"அந்தக் கைதாம்மா படமே."

கோப்பையோடு வெளியே ஓடினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டாள். எடுத்ததும் மெஷின் இரைச்சல்.

"அக்கா, பரிசு வந்துச்சா?"

"ம்."

"என் மூஞ்சி தெரியலைல்ல?"

கோப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியல."

"எனக்குத் தெரியும்க்கா, நீங்க சொன்னா சொன்னதுதான். சரி, வச்சிடுறேன். என்னமோ ஆபீஸ்ல கூப்புடுறாங்க."