அடைகாக்கும் பவளமூக்கன்

எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் எதையும் அவர் ஓட்டியதில்லை. ஏரிக்கரையில் எட்டு அறை விடுதி, மூன்று மோட்டார் படகுகள், ஒரு வெள்ளைத் தொப்பி, அவ்வளவுதான். பட்டம் தொப்பியோடு வந்தது. தொப்பியை அவரே வாங்கிக்கொண்டார்.

விடுதியின் பெயர்ப் பலகையில் பவளமூக்கன் படம். துண்டில், தலையணை உறையில், காபிக் கோப்பையில், சாவி வளையத்தில் எல்லாம் அதே படம். சிவந்த மூக்கும் சாம்பல் உடம்புமான அந்தப் பறவையைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்.

ஏரியில் பறவைதான் இல்லை.

அதற்கும் கேப்டனே காரணம். பக்கத்தில் காட்டுகிறேன் என்று நாணலுக்குள்ளேயே படகை விட்டார். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார். பறவைகளுக்கு வறுவலை வீசச் சொல்லி விருந்தாளிகளைக் கிளப்பிவிட்டார். காட்டிக் காட்டியே ஒரு கூட்டத்தை ஊரைவிட்டு விரட்டும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும் என்று இப்போது தன் தலையில் தானே குட்டிக்கொள்வார்.

போன வருடம் வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனதும், உடைந்த படகின் கட்டை ஒன்றை எடுத்துச் செதுக்க உட்கார்ந்தார். உடம்பு வந்தது, மூக்கு வந்தது, கால் மட்டும் வரவில்லை. நான்கு ஜோடி செய்து பார்த்தார். நான்கும் மேஜைக் கால் மாதிரியே இருந்தன. கடைசியில் நாணல் திட்டில் ஒரு கூடு கட்டி, காலில்லாத பறவையை அதில் உட்கார வைத்து ஆணி அடித்துவிட்டார்.

அன்று முதல் அவர் பெரிய இயற்கைக் காவலர். ஐம்பது அடி தள்ளியே மோட்டாரை நிறுத்தச் சொல்லி, உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க, அடைகாக்குது" என்பார். விருந்தாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். விடுதி மறுபடி நிரம்பியது.

இந்த வாரம் ஒரு பெண்மணி தனியாக வந்து மூன்று நாளைக்கு அறை கேட்டார். கழுத்தில் தொலைநோக்கி, கையில் தடித்த நோட்டு. அறையைப் பெருக்கப் போன கேப்டனின் மனைவி திரும்பி வந்து, மேஜைமேல் இருக்கும் உறைகளில் வனவிலங்குத் துறையின் முத்திரை இருப்பதாகச் சொன்னாள். 

முதல் நாள் பெண்மணி ஒரு மணி நேரம் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து பவளமூக்கனின் தலைமேல் உட்கார்ந்து, சாவகாசமாகச் சிறகு கோதியது. படகு ஓட்டிய மச்சினன் வானத்தைப் பார்த்தான்.

"அதுங்க ரெண்டுக்கும் நல்ல பழக்கம் மேடம்," என்றார் கேப்டன்.

பெண்மணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள், எத்தனை நாளாக அடைகாக்கிறது என்று கேட்டார். பதினோரு நாளாக, அசையவே இல்லை என்று கேப்டன் அடித்துவிட்டார்.

"அசையலைங்கிறதை நானும் பார்த்தேன்," என்றார் பெண்மணி. "இது கூட்டமா வாழற ஜாதி. ஒண்ணு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா மத்ததும் வரும். சத்தம் மட்டும் இருக்கக் கூடாது."

கரையேறியதும் மனைவி கேப்டனை ஓரமாகக் கூப்பிட்டாள். "அவங்களா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க."

அவளுக்கு அவமானம், அவருக்குப் பயம். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மூன்று முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வாசலுக்குப் போனார். பெண்மணி பெட்டியோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார். கேப்டன் வாயைத் திறப்பதற்குள் பெண்மணி ஒரு உறையை அவர் கையில் வைத்தார். கார் போய்விட்டது.

உறையைப் பிரித்தார். மோசடி என்ற வார்த்தையைத் தேடினார், இல்லை. உயிர் வந்தது. பிறகு நிதானமாகப் படித்தார்.

'அடைகாக்கும் அரிய பறவை மூன்று நாள் நேரில் பார்வையிடப்பட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை இந்த ஏரியில் மோட்டார் படகு இயக்கக் கூடாது. கரையிலிருந்து மட்டும் பார்க்கலாம். பறவைக்கோ கூட்டுக்கோ சேதம் வந்தால் விடுதி உரிமையாளரே பொறுப்பு. சிறைத் தண்டனை உண்டு.'

மச்சினன் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். "அத்தான், அது எப்பப் பொரிக்கும்?"

கேப்டன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அது மரம் என்று சொன்னால் ஊரை ஏமாற்றியதற்குக் கம்பி எண்ண வேண்டும். இரவோடிரவாகப் பிடுங்கி எறிந்தால் பறவையைக் கொன்றதற்குக் கம்பி எண்ண வேண்டும். கால் செதுக்கத் தெரிந்திருந்தால் அதை நிற்க வைத்திருப்பார். நிற்கிற பறவைக்காக யாரும் ஏரியை மூட மாட்டார்கள். படித்த அதிகாரியே நம்பும்படி ஏமாற்றிய உலகத்தின் முதல் முட்டாள் தான்தான் என்று முனகியபடி தாளை மடிக்கப் போனார்.

பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது: 'இடது இறக்கையில் சாயம் உரிகிறது, நிஜப் பறவைகள் திரும்பி வருவதற்குள் பூசிவிடுங்கள்.'