குடியிருப்பவர்

புதுவீட்டின் சமையலறை வரவேண்டிய மூலையில் அந்தச் செடி நின்றது. பரமகுரு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, செடியைத் தொட்டுக் கும்பிட்டான். வெட்டுமுன் எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"இதுல குடியிருக்கிறவங்க கோவிச்சுக்காம வேற எடம் பாத்துக்கோங்க."

தண்டிலிருந்த துளை வழியாக ஒரு வண்டு வெளியே வந்தது. சிவப்புக் கரையிட்ட முதுகு, உடம்பைவிட நீண்ட மீசை. இலை நுனிவரை போய்ச் சற்று நின்றது. பிறகு திரும்பித் துளைக்குள்ளேயே போய்விட்டது.

"போகச் சொன்னா உள்ள போறாரு பாரு" என்று சிரித்தான்.

"எங்க போவாரு? மலையில விறகு பொறுக்கையில பாத்திருக்கேன். இந்தச் செடிய விட்டா வேற எதுலயும் இருக்கமாட்டாரு" என்றாள் அவன் மனைவி சிந்தாமணி. "அங்க இருந்ததெல்லாம் ரோடு போட்டப்பவே போயிருச்சு."

"அப்ப உன் சமையக்கட்டு? இன்னும் எத்தன மழைக்குக் குடையப் புடிச்சிக்கிட்டு வெளிய சமைப்ப?"

அவள் செடியைப் பார்த்தாள்.

"கேட்டது நாம. அவரு பதில் சொல்லிட்டாரு."

சுவருக்கு அளந்து கயிறு கட்டி அடித்திருந்த முளையைப் பிடுங்கி, செடிக்கு இப்பால் நட்டாள். கயிறு தளர்ந்து, மறுபடி இறுகியது.

"ஒரு ஆளுதான் நிக்கலாம் போலிருக்கே" என்றான் பரமகுரு.

"நீங்க வெளிய ஒக்காந்து காய் நறுக்குங்க. அவருக்கும் பேச்சுத்துணை வேணும்ல."