ஒரு தலை வித்தியாசம்

ரேஸ் முடிந்து எடை மேடையிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டான்.

"குறுக்கே வந்துட்டா சார். நான் புகார் கொடுக்கறேன்."

ஒரு தலை வித்தியாசத்தில் ரேஸைத் தோற்றிருந்தான். அதுவும் யாரிடம்? ஒரு பெண் ஜாக்கியிடம். எந்தக் குதிரையிடம்? போன சீசன் வரை அவனே ஏறி ஓட்டிய கறுப்பனிடம்.

பயிற்சியாளர் கேட்காமல் கொள்ளாமல் அதை அந்தப் பெண், எஸ்தரிடம் கொடுத்துவிட்டார். "மாத்திப் பார்ப்போம்" என்றார். பெரிய மனிதர்கள் மாற்றிப் பார்த்தது எதுவும் திரும்பி வராது.

"என்னண்ணே, தங்கச்சி தூசி கெளப்பிட்டுப் போயிருச்சா?" என்றான் சக ஜாக்கி ஒருவன்.

வயிறு எரிந்தது. அதில் பாதி பட்டினி. எடை ஏறக்கூடாது என்று அவன் சோற்றை மறந்து நாளாயிற்று. அவள் காலையில் நெய் மினுங்கப் பொங்கல் தின்றாள். அப்படியும் எடை போதாமல் சேணத்தில் ஈயத்தகடு செருகிக்கொண்டு ஏறினாள்.

பெண்களுக்கென்று அறை கிடையாது. சேணம் அடுக்கும் மூலையில்தான் உடை மாற்றுவாள். அதையும் சலுகை என்றே சொல்லித் திரிந்தான்.

விசாரணை அறையில் இருவரையும் நிறுத்தினார்கள். புகார் நின்றால் வெற்றி அவனுக்கு. கறுப்பனும் திரும்பி வரலாம்.

"அண்ணே, நான் உங்க பக்கமே வரல. உங்களுக்கே தெரியும்" என்றாள் அவள்.

அவன் சுவரைப் பார்த்தான்.

ரேஸ் படத்தை ஓட்டினார்கள்.

கடைசி வளைவு. அவள் தன் தடத்தில்தான் வந்தாள். இம்மி விலகவில்லை.

அது அவனுக்குத் தெரிந்ததுதான். இப்போது பார்த்தது வேறு.

கறுப்பனின் காதுகள்.

இரண்டும் முன்னால் நிமிர்ந்து நின்றன, விளையாட ஓடும் குட்டிக்கு நிற்பதுபோல. அவள் சாட்டையைத் தூக்கவே இல்லை.

அவன் ஏறிய நாளெல்லாம் அந்தக் காதுகள் பின்னால் மடங்கிப் பிடரியோடு ஒட்டிக் கிடக்கும். கோபக்காரக் குதிரை, பிறவிக் குணம் என்றுதான் நினைத்திருந்தான்.

"எங்கேப்பா குறுக்கே வந்தது?" என்றார் நடுவர்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார்கள். அவர் தடத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேப்பா. புகாரைத் தள்ளிடலாமா?"

"தள்ளுங்க சார்" என்றான். "படத்தை மட்டும் நிறுத்தாதீங்க."