பச்சை ஜேர்சி

"அம்மா, நான் இல்லாட்டி சனிக்கிழமை விளையாட ரீமே இல்லையாம். சேர் சொல்லுறார்."

செரீனா இதைச் சொன்னபோது கீனன் சேருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் அன்று லிஃப்ற் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி வந்த மனிதர் வாசலிலேயே இரண்டு வரி இங்கிலிஷ் பேசிவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தார்.

றோஸ்மேரி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூட வாத்தியார் வீடு தேடி வந்தால் மரியாதை செய்யத்தான் வேண்டும். அதற்காகப் பிடிவாதத்தை விட முடியுமா? இரண்டு கிழமைக்கு முன் மகள் உதடு வெடித்து, முழங்கால் தோல் உரிந்து வீட்டுக்கு வந்த அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள். பிள்ளை இனிப் பந்தைத் தொடாது. பாப்பரசரே வந்து சொன்னாலும் தொடாது.

அதுவும் ஒரு விளையாட்டா? கேலிக் ஃபுற்போலாம். காலால் அடிக்கிறார்கள், கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், குறுக்கே வந்து இடிக்கிறார்கள். கீனன் சேர் அந்த விளையாட்டு பிறந்த அயர்லாந்திலிருந்து வந்தவர். தான் படிப்பிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் ஒரு பெண்கள் அணியைக் கட்டி, இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டு இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்துவிட்டார்.

கனடா வந்த ஐந்து வருடமாக றோஸ்மேரிக்கு வாய் செரீனாதான். டொக்டரிடமும் வாடகை வாங்கும் வீட்டுக்காரனிடமும் ரெலிபோன் கம்பனியிடமும் மகள் பேசுவாள், தாய் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். மிசிசாகாவில் ஒப்பீஸ் கூட்டும் வேலைக்குப் பேச்சே தேவையில்லை. அங்கே ஆட்கள் வாசித்துவிட்டுப் போட்ட பேப்பர்களை அள்ளிக்கொண்டு வந்து பஸ்ஸில் மடியில் விரித்து வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

"உதால பிள்ளைக்கு என்ன பிரயோசனமெண்டு கேள்" என்றாள் றோஸ்மேரி.

செரீனா ஏதோ கேட்டாள். சேர் தோளைக் குலுக்கி ஒரு வரியில் பதில் சொன்னார்.

"இந்த விளையாட்டு இங்கத்தைப் பிள்ளையளுக்கும் தெரியாதாம் அம்மா. எல்லாருக்கும் புதுசு. மற்ற எல்லாத்திலயும் செரீனா பிந்தி வந்தவள், இதிலை மட்டும்தான் எல்லாரோடயும் ஒரே நாளிலை துவங்கினவள் எண்டு சேர் சொல்லுறார்."

றோஸ்மேரி அசையவில்லை. பொழுதுபோக்குக்கு விளையாடட்டும், போட்டி எதற்கு என்று கேட்கச் சொன்னாள். தோற்றால் அழுகை, வென்றால் தலைக்கனம், வேறு என்ன கிடைக்கப் போகிறது?

சேரின் கண் பக்கத்துக் கதிரையில் மடித்து வைத்திருந்த, பள்ளிக்கூடம் செரீனாவுக்குக் கொடுத்த பச்சை ஜேர்சியில் இருந்தது. அவர் சொன்னது நாலு சொல் இருக்கும். செரீனா சொன்னது அதைவிட நீளம்.

"போட்டியிலை தோத்தால் அடுத்த கிழமை திரும்பி வரலாமாம். அதே ஆக்களுக்கு முன்னாலை நிண்டு திரும்ப விளையாடலாம். எங்களுக்கு முந்தித் தோக்கிறதெண்டா வீட்டை விட்டிட்டு ஓடுறது. ஓடினா ஓடினதுதான், திரும்பிப் போனதே இல்லை." செரீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எண்டு சேர் சொல்லுறார்."

"நாங்கள் ஓடினது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னனான்."

றோஸ்மேரி மகளைப் பார்த்தாள். ஊரிலிருந்து வந்த நாள் முதல் அந்த ஓட்டத்தைப் பற்றி இந்தப் பிள்ளை ஒரு சொல் பேசியதில்லை. கேட்டால் புத்தகத்துக்குள் தலையை விட்டுவிடும். றோஸ்மேரி அப்போதும் விட்டுக்கொடுக்காமல் உதட்டுக் காயத்தைப் பற்றிக் கேட்டாள்.

"பந்தோடை நாலு அடிக்கு மேலை சும்மா ஓட ஏலாது. நிலத்திலை அடிச்சுப் பிடிக்க வேணும், இல்லாட்டி மற்றவளுக்குக் குடுக்க வேணும். அண்டைக்குக் குடுக்காமல் வச்சிருந்ததாலைதான் இடி விழுந்தது. இனிக் குடுப்பாள்."

"உதும் சேர்தான் சொல்லுறாரோ?"

"ஓம்."

சேர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கோப்பையை வைத்துவிட்டு அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழுந்தார், பச்சை ஜேர்சியின் பக்கம் கையை நீட்டி மெதுவாக ஏதோ கேட்டார். செரீனாவின் முகம் வெளுத்துப் போனது.

"என்னவாம்?"

"சம்மதப் பேப்பரிலை உங்கடை கையெழுத்து வேணுமாம். இப்பவே வேணுமாம்."

படிவத்தைத் தன் புத்தகப் பைக்குள் இருந்துதான் எடுத்தாள். அதைத் தாயின் முன் விரித்துப் பிடித்தாள். கண் தாயின் முகத்தை விடவில்லை. கேட்டதை வாங்காமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று ஒற்றைக்காலில் நிற்கும் கண்.

றோஸ்மேரி பேனையை வாங்கிப் பெயரை முழுதாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள். சேர் ஒன்றும் விளங்காமல் பேப்பரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் கதிரையில் இருந்த ஜேர்சியை எடுத்து மகளின் கையில் வைத்தாள். பிறகு சேரின் பக்கம் திரும்பி, ஐந்து வருடத்தில் முதல் முறையாக மகளின் வாயை எதிர்பார்க்காமல், நிதானமான இங்கிலிஷில் சொன்னாள்:

"மன்னிக்க வேண்டும் சேர். வேறு பிள்ளைக்குக் கொடுக்க இந்த ஜேர்சியைத் திருப்பி வாங்கத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொன்னீர்கள், இப்போதும் அதைத்தான் கேட்டீர்கள். அதை நான் தரமாட்டேன், சனிக்கிழமை என் மகள்தான் போடுவாள்."