பாதிப் போர்வை

மலைமேல் இருந்த சேப்பல் என்ற சின்ன தேவாலயத்தின் பீடத்தில் ஒரு பட்டுத்துணியை விரித்திருந்தார்கள். அதன் ஜரிகைக் கரை தரைவரை தொங்கியது. யார் உள்ளே வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது ஒரே கதையைத்தான் சொல்லும்.

சாரலில் நனைந்த பூனையொன்று தன் குட்டியைக் கவ்விவந்து கல்தரையில் விட்டது.

“சேப்பல்ங்கிற பேர் எப்படி வந்துச்சு தெரியுமா?” என்றது துணி. “குளிர்ல நடுங்கின பிச்சைக்காரனுக்கு ஒரு படைவீரன் தன் போர்வையைப் பாதியா வெட்டிக் கொடுத்தானாம். மீதிப் பாதியைப் பத்திரமா வெச்ச இடத்துக்கு லத்தீன்ல கப்பெல்லா, அதாவது குட்டிப் போர்வைன்னே பேராயிடுச்சு. அது பிரெஞ்சுக்குப் போய், இங்கிலீஷுக்குப் போய், நம்ம மலைக்கும் ஏறி வந்துச்சு. எல்லாம் எங்க வம்சம்!”

“கொடுத்த பாதி என்னாச்சு?” என்று கேட்டது பூனை.

“அது யாருக்குத் தெரியும்?”

கல்தரை சில்லென்றிருந்தது. குட்டி வெடவெடவென்று நடுங்கியது.

“அக்கா, தொங்குற நுனியைக் கொஞ்சம் இவன்மேல போடுறியா?”

“ஐயோ, நாளைக்குத் திருநாள். கறை பட்டா என்னாகுறது?”

பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடிச் சாரலுக்குள் போனது.

திருநாள் முடிந்ததும் துணியை மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு மெழுகுவத்தித் துண்டு கிடந்தது.

“உனக்கு ஏதோ கதை தெரியுமாமே, சொல்லேன்” என்றது அது.

“ஒரு ஊர்ல ஒருத்தன் குளிர்ல நடுங்கிட்டிருந்தான்…” என்று ஆரம்பித்தது துணி.

அதற்குமேல் அதற்குச் சொல்ல வரவில்லை.