27,721 பொத்தான்கள்

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, அண்ணனும் தங்கையும் அவர் பட்டறைப் பொத்தான்களைப் பங்குபோட உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை காட்டும் தராசில் 27,721. இரண்டு முதல் பன்னிரண்டு வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும் எண் அது.

"இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்" என்று பல்லைக் கடித்த அண்ணன், மிஞ்சிய ஒன்றைச் சாக்கடையில் எறிந்தான்.

தராசு மறுபடியும் 27,721 காட்டியது.

"திருடி! நீதானே ஒண்ணைப் போட்டே?"

அவன் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருந்ததை தங்கை பார்த்துவிட்டாள்.

அவன் வெறிபிடித்தவன்போல் ஒவ்வொன்றாக எறிந்தான். சட்டை முழுவதும் திறந்துகொண்டது. எண் மாறவில்லை. இன்னொன்றை எறிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். தராசுக் குவியலின் மேல் ஒரு பல் கிடந்தது.

தங்கை அடுத்த பொத்தானை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு எறிஞ்சு பாருண்ணா."